டொக்டரிட்டை ‘சமாளிக்கிறன்’ எண்டு சொல்லாதேங்கோ: இயலாமைக்கான வரிக்கழிவும் ரி2201 படிவமும்

(ஒலிபரப்பில் பேசியது, வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

போன மாதம் வருமானவரிக் கணக்குப் பற்றிக் கதைத்தபோது ‘டிசபிலிட்டி ரக்ஸ் கிரெடிட்’ என்று ஒரு இடத்தில் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த மின்னஞ்சல்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ‘அது ஆருக்குக் குடுப்பினம்?’, ‘எங்கடை அம்மாவுக்குக் கிடைக்குமோ?’, ‘ஒருதரம் போட்டு இல்லை எண்டு வந்திட்டுது, திரும்பப் போடலாமோ?’ இப்படி. அதனால் இன்றைக்கு முழுவதும் அந்த ஒரு விசயந்தான்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். நான் கணக்காளர் இல்லை, டொக்டரும் இல்லை. ஸ்காபரோவில் வருமானம் குறைந்த ஆக்களுக்கு இலவசமாக வரிக்கணக்குச் செய்து கொடுக்கிற முகாம் ஒன்றில் ஒவ்வொரு மார்ச், ஏப்ரலும் தொண்டராக இருக்கிறேன். அந்த மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்ததைத்தான் சொல்லப் போறன்.

இது கனடா மத்திய அரசின் வரிக்கழிவு. சுருக்கமாக டி.ரி.சி. என்பார்கள். உடலிலோ மனத்திலோ கடுமையான, நீண்டகாலக் குறைபாடு உள்ள ஒருவர், அல்லது அவரைத் தாங்கிப் பார்க்கிற குடும்பத்தவர், கட்ட வேண்டிய வருமானவரியைக் குறைக்கிற ஏற்பாடு. அதற்கான படிவம் ரி2201. முதல் பகுதியை நாங்கள் நிரப்ப வேண்டும், இரண்டாவது பகுதியை ஒரு மருத்துவத் தொழிலர் நிரப்ப வேண்டும். முடிவெடுப்பது வருமானவரி முகவரகம், அதாவது சீ.ஆர்.ஏ. டொக்டர் கையெழுத்து வைத்தால் கிடைத்துவிடும் என்று கனபேர் நினைக்கிறார்கள். டொக்டர் எழுதுவது சாட்சியம் மட்டுந்தான்.

காசுக் கணக்கைச் சொல்கிறேன். 2024ஆம் வரிவருடத்துக்கு மத்திய அரசின் தொகை 9,872 டொலர். அதை அப்படியே கையில் தரமாட்டார்கள். அந்த வருடத்துக்கு அதில் 15 சதவீதம், ஏறக்குறைய 1,480 டொலர், வரியில் கழிந்தது. ஒன்ராறியோ மாகாணத்தின் கழிவு இன்னும் 500 டொலர் சொச்சம். ஆக, வரி கட்டுகிற ஒருவருக்கு வருடத்துக்கு 2,000 டொலருக்குக் கிட்ட. பிள்ளை 18 வயதுக்குக் கீழே என்றால் மேலதிகத் தொகை ஒன்றும் இருக்கு.

இங்கேதான் முதல் தடை. ‘தம்பி, எனக்கு வரியே இல்லை. ஓ.டி.எஸ்.பி. தான் எடுக்கிறன். எனக்கேன் வரிக்கழிவு?’ என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். வரியே இல்லாதவருக்கு இந்தக் கழிவால் ஒரு சதமும் கையில் வராது. ஆனால் டி.ரி.சி. அனுமதி ஒரு சாவி மாதிரி. அது இல்லாமல் திறக்காத கதவுகள் சில இருக்கு, அவை வருமானம் குறைந்த ஆக்களுக்குத்தான் கூடப் பெறுமதி.

பிள்ளைகளுக்கு மாதாமாதம் வருகிற குழந்தைகள் கொடுப்பனவோடு சேர்த்து, டி.ரி.சி. அனுமதி உள்ள பிள்ளைக்கு இன்னொரு கொடுப்பனவு வரும். 2025 ஜூலை முதல் அது மாதம் 284 டொலர் வரை, குடும்ப வருமானத்தைப் பொறுத்து. அதே ஜூலையில்தான் 18 முதல் 64 வயது வரையான வருமானம் குறைந்தவர்களுக்குக் கனடா டிசபிலிட்டி பெனிபிற் என்ற புதிய கொடுப்பனவும் தொடங்கினது, மாதம் 200 டொலர் வரை. அதற்கு டி.ரி.சி. அனுமதி இருக்க வேண்டும், வரிக்கணக்கும் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

மூன்றாவது கதவு ஆர்.டி.எஸ்.பி. என்ற சேமிப்புத் திட்டம். இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேணும், ஏனென்றால் எங்கள் ஆக்கள் கூடுதலாக இழக்கிறது இதில்தான். 2008 டிசம்பரில் தொடங்கின திட்டம். டி.ரி.சி. அனுமதி உள்ளவரின் பெயரில் வங்கியில் திறக்கலாம். வருமானம் குறைவாக இருந்தால், நீங்கள் ஒரு சதமும் போடாமலே அரசாங்கம் வருடத்துக்கு 1,000 டொலர் போடும், வாழ்நாளில் 20,000 வரை. நீங்களும் காசு போட்டால், முதல் 500 டொலருக்கு மூன்று மடங்கு, அடுத்த 1,000 டொலருக்கு இரண்டு மடங்கு. கணக்குப் பாருங்கோ: 1,500 போட்டால் 3,500 வருகிறது. அது வாழ்நாளில் 70,000 வரை. விட்டுப்போன வருடங்களையும் பத்து வருடம் பின்னுக்குப் போய் எடுக்கலாம்.

போன வருடம் ஒரு தகப்பன் வந்தார். மகனுக்கு 22 வயது, ஓட்டிசம், கதைக்கிறது மிகக் குறைவு, வீட்டிலேதான் இருக்கிறார். ‘நான் நல்லா உழைக்கிறன், எங்களுக்கு இதெல்லாம் தரமாட்டினம்’ என்று அவர் மகனின் பெயரை எடுக்கவேயில்லை, தன் வரிக்கணக்கைப் பற்றித்தான் கேட்டார். ஆனால் பிள்ளைக்கு 19 வயதாகிற வருடத்திலிருந்து ஆர்.டி.எஸ்.பி.க்குப் பார்ப்பது தகப்பனின் வருமானத்தை இல்லை, பிள்ளையின் சொந்த வருமானத்தை. அந்த மகனுக்கு வருமானம் இல்லை. அப்போ முழுத் தொகைக்கும் உரித்துடையவர். ஆனால் அதைத் தீர்மானிக்க அவருடைய பெயரில் வரிக்கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும். உழைக்காத பிள்ளைக்கு ஏன் வரிக்கணக்கு என்று அந்த வீட்டில் ஒருதரும் செய்யவில்லை. டி.ரி.சி.யும் இல்லை, வரிக்கணக்கும் இல்லை, ஆர்.டி.எஸ்.பி.யும் இல்லை. ‘எங்களுக்குப் பிறகு இவனை ஆர் பார்க்கிறது’ எண்டு இரவில் நித்திரையில்லாமல் இருக்கிற தாய் தகப்பன் அவர்கள். அரசாங்கம் அந்தக் கேள்விக்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கு, இவர்களுக்கு அது தெரியாது.

ஒரு எச்சரிக்கை. ஆர்.டி.எஸ்.பி. அவசரத்துக்கு எடுக்கிற காசு இல்லை. அரசாங்கம் போட்ட காசு பத்து வருடம் இருக்க வேண்டும். அதற்குள் எடுத்தால், எடுக்கிற ஒவ்வொரு டொலருக்கும் மூன்று டொலர் கணக்கில் அரசாங்கம் தன் காசைத் திருப்பி எடுக்கும். இன்னொன்று வயது: அரசாங்கத்தின் பங்கு நீங்கள் 49 வயதாகிற வருட முடிவோடு நின்றுவிடும். 47, 48 வயதில் இருக்கிற ஆக்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த வாரமே தொடங்குங்கோ.

சரி, இப்ப படிவத்துக்கு வருவம்.

ரி2201 கேட்கிற கேள்வியை எங்கள் ஆக்கள் தவறாக விளங்குகிறார்கள். ‘எனக்கு ஆத்தரைட்டிஸ், கிடைக்குமோ? எனக்கு ஸ்ட்ரோக் வந்தது, கிடைக்குமோ?’ என்று வருத்தத்தின் பெயரை வைத்துக் கேட்கிறார்கள். ஒரே வருத்தம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. அன்றாடம் ஒரு மனிசன் செய்கிற அடிப்படைக் காரியங்களில் உங்களுக்கு எது முடியவில்லை, அல்லது எதற்கு அளவுக்கு மிஞ்சின நேரம் பிடிக்குது என்பதைத்தான் படிவம் கேட்குது.

அந்தக் காரியங்கள் இவை: பார்க்கிறது, கேட்கிறது, கதைக்கிறது, நடக்கிறது, மலசலம் கழிக்கிறது, சாப்பிடுகிறது, உடுப்புப் போடுகிறது, அதோடு அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய மனத்தின் தொழிற்பாடுகள். சாப்பிடுகிறது என்பதற்குள் சாப்பாட்டைத் தயார் செய்வதும் அடங்கும், கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவது அடங்காது. வீடு கூட்டுகிறது, வேலைக்குப் போகிறது, கார் ஓட்டுகிறது ஒன்றும் இந்தப் பட்டியலில் இல்லை. ‘என்னாலை வேலை செய்யேலாது’ என்பதை மட்டும் டொக்டர் எழுதினால் அதற்கு இங்கே பெறுமதி இல்லை. இதையே திருப்பிப் பாருங்கோ: வேலைக்குப் போகிறவர் என்பதற்காக மறுக்கவும் ஏலாது. இரண்டு கண்ணும் கண்ணாடி போட்டும் சட்டம் சொல்கிற அளவுக்குக் கீழே உள்ளவர் நல்ல சம்பளத்தில் வேலை செய்தாலும் அவருக்கு உண்டு.

அளவுகோல் மூன்று. ஒன்று, குறைபாடு குறைந்தது 12 மாதம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும், அல்லது இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். இரண்டு, அந்தக் காரியத்தை உங்களால் செய்ய முடியாமல் இருக்க வேண்டும், அல்லது அதே வயதில் குறைபாடில்லாத ஒருவருக்குப் பிடிக்கிற நேரத்தைப் போல மூன்று மடங்கு பிடிக்க வேண்டும். மருந்து எடுத்த பிறகும், பொல்லு, காதுக்கருவி போன்றவை பாவித்த பிறகும். மூன்று, இது எப்போதாவது இல்லை, நேரத்தில் 90 சதவீதமாவது இப்படி இருக்க வேண்டும். ஒரு காரியத்தில் இந்த அளவுக்கு இல்லை, ஆனால் இரண்டு மூன்று காரியங்களில் கொஞ்சம் குறைந்த அளவில் கஷ்டம் இருக்கு என்றால், அவற்றைச் சேர்த்துப் பார்க்கிற பகுதி ஒன்று படிவத்தில் இருக்கு. கனபேர் அந்தப் பகுதியை டொக்டருக்கு ஞாபகப்படுத்துவதே இல்லை. சேர்த்துப் பார்க்கிறதால் தகுதி பெறுகிற ஆக்கள் எங்கள் முதியவர்களில் நிறைய.

இப்ப ‘சமாளிக்கிறன்’ என்ற சொல்லுக்கு வாறன்.

ஒரு அம்மா. கை மூட்டுகள் எல்லாம் வீங்கி, விரல் மடங்காது. டொக்டர் கேட்கிறார், ‘எப்பிடி அம்மா இருக்கிறியள்?’ ‘பரவாயில்லை டொக்டர், சமாளிக்கிறன்.’ டொக்டர் என்ன எழுதுவார்? சமாளிக்கிறார் என்றுதான் எழுதுவார். எட்டு நிமிடச் சந்திப்பில் அவருக்கு வேறு எப்படித் தெரியும்? நான் அந்த அம்மாவிடம் வேறு மாதிரிக் கேட்டேன். ‘அம்மா, காலமை எழும்பி உடுப்பு மாத்தி வெளிக்கிட எவ்வளவு நேரம் போகும்?’ ‘அது போகும் தம்பி, ஒரு முக்கால் மணித்தியாலம்.’ ‘சட்டைப் பொத்தான்?’ ‘பொத்தான் வைச்ச சட்டை இப்ப போடுறதில்லை. மூண்டு வருசமாச்சு.’ ‘பிரா?’ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘மருமகள் கொழுவி விடுவா’ என்றார். ‘மருமகள் வேலைக்குப் போட்டால்?’ ‘அண்டைக்கு நான் வெளியிலை போறதில்லை.’

டொக்டரிடம் போக வேண்டியது இந்த விவரந்தான். ‘சமாளிக்கிறன்’ என்ற சொல்லுக்குள்ளே முக்கால் மணித்தியாலம், பொத்தான் இல்லாத சட்டை, மருமகளின் கை, வெளியே போகாத நாள் எல்லாம் மறைஞ்சு கிடக்கு. எங்களுக்கு இது மரியாதை. போர் நேரத்தில் இடம்பெயர்ந்து, ஒன்றுமில்லாமல் வந்து, ஒருதரிட்டையும் கையேந்தாமல் வாழ்ந்த தலைமுறை, ‘என்னாலை ஏலாது’ எண்டு வெள்ளைக்கார டொக்டரிட்டை சொல்லாது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் படிவம் அந்த மரியாதையை விளங்காது. எழுதப்பட்டதை மட்டுந்தான் வாசிக்கும்.

இன்னொரு சிக்கல், மொழிபெயர்ப்பு. பெரும்பாலும் மகனோ மகளோ கூடப் போகிறார்கள். மகனுக்கு முன்னால் அம்மா மலசலப் பிரச்சினையைச் சொல்லமாட்டார். சொன்னாலும் மகன் அதை மென்மையாக்கித்தான் இங்கிலீஷில் சொல்லுவார். படிவத்தில் அது தனிப் பிரிவு, அதில் மட்டும் தகுதி பெறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏலுமென்றால் இந்த ஒரு சந்திப்புக்கு வெளியாள் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. இல்லையென்றால் எழுதிக் கொண்டுபோங்கோ.

எழுதுகிறது எப்படி என்று கேட்பீர்கள். ஒரு கொப்பி எடுங்கோ. இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் எழுதுங்கோ, தமிழிலேயே எழுதலாம். குளியலறைக்குப் போய் வர எத்தனை நிமிடம். ஒரு நாளைக்கு எத்தனை தரம். சாப்பாட்டை வெட்டித் தருகிறது யார். 100 மீற்றர் தூரம், அதாவது ஒரு தெருக் கட்டை, நடக்க எத்தனை நிமிடம், எத்தனை இடத்தில் நிற்க வேண்டியிருக்கு, ஏன் நின்றது, நோவா மூச்சா. நல்ல நாளையும் எழுதுங்கோ. 14 நாளில் ஒரு நாள் நல்ல நாள் என்றால் அப்படியே எழுத வேணும், ஒளிக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. பிறகு அதை ஒரு பக்கத்துக்குள் இங்கிலீஷில் சுருக்கி, எந்தக் காரியம், எவ்வளவு நேரம், யாருடைய உதவி, எந்த வருடத்திலிருந்து என்று டொக்டரிடம் கொடுங்கோ. டொக்டர்மார் இதைக் குறையாக எடுக்கிறதில்லை. நான் பார்த்தவரை அவர்களுக்கு இது பெரிய உதவி.

மனம் பற்றின பகுதி இன்னும் கஷ்டம். எங்கள் சமூகத்தில் போருக்குப் பிறகு நித்திரை இல்லாமல், திடீர்ச் சத்தத்துக்கு ஒடுங்கிப்போய், வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருக்கிற ஆக்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை ஒரு வருத்தம் என்றே வீட்டில் சொல்லுறதில்லை. ‘அவர் அப்பிடித்தான், ஒருதரோடையும் கதைக்கமாட்டார்.’ படிவம் ஞாபகசக்தி, கவனம், தீர்மானம் எடுக்கிறது, உணர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது, பிரச்சினையைத் தீர்க்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அடுப்பை அணைக்க மறக்கிறாரா? மருந்தை யாராவது எடுத்துக் கொடுக்க வேணுமா? தனியே விட்டுப்போக ஏலுமா? இவற்றுக்குப் பதில் வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். டிமென்சியா உள்ள பெரியவர்களுக்கும் இதே பகுதிதான். அவர்கள் டொக்டருக்கு முன்னால் நல்ல தெளிவாகக் கதைத்துவிட்டு, வாசலுக்கு வந்து ‘நாங்கள் எங்கை வந்தனாங்கள்?’ எண்டு கேட்பினம். கூட இருக்கிறவர் தனியாக டொக்டரிடம் சொல்ல வேணும்.

யார் நிரப்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடும்ப டொக்டரோ நேர்ஸ் பிரக்டிஷனரோ எல்லாப் பகுதியும் நிரப்பலாம். பார்வைக்கு ஒப்டோமெட்ரிஸ்ட், கேட்புக்கு ஓடியோலொஜிஸ்ட், நடைக்குப் பிசியோதெரபிஸ்ட், நடை, சாப்பாடு, உடுப்பு மூன்றுக்கும் ஒக்குபேஷனல் தெரபிஸ்ட், மனத்துக்கு உளவியலாளர். உங்களை நன்றாகத் தெரிந்தவரிடம் போங்கோ. டொக்டர் இதற்குக் கட்டணம் கேட்கலாம், அது மாகாணக் காப்புறுதியில் வராது. ரசீதை வைத்திருங்கோ, மருத்துவச் செலவாக வரிக்கணக்கில் காட்டலாம். இப்ப படிவத்தை இணையத்திலும் செய்யலாம். உங்கள் சீ.ஆர்.ஏ. கணக்குக்குள் போய் முதல் பகுதியை முடித்தால் ஒரு இலக்கம் வரும், அதை டொக்டரிடம் கொடுத்தால் அவர் தன்னுடைய பகுதியை நேராக இணையத்தில் நிரப்பி அனுப்புவார். இது தாளை விடச் சுகம், ஒரு பக்கம் விடுபட்டுப் போறதுக்கு இடமில்லை.

தரகர்மாரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேணும். ‘நாங்கள் எடுத்துத் தாறம், கிடைச்சால் மட்டும் காசு தாங்கோ’ எண்டு விளம்பரம் பார்த்திருப்பீர்கள். ஒருவர் எனக்குக் காட்டின ஒப்பந்தத்தில் 30 சதவீதம் இருந்தது. டி.ரி.சி. பத்து வருடம் பின்னுக்குப் போய்க் கொடுபடலாம். குறைபாடு அப்போதிருந்தே இருந்தது என்று டொக்டர் எழுதினால், அந்த வருடங்களில் வரி கட்டியும் இருந்தால், 15,000 டொலருக்கு மேல் திரும்பி வர வாய்ப்பு உண்டு. அதில் 30 சதவீதம் 4,500. எதற்கு? படிவத்தின் கஷ்டமான பகுதியை நிரப்புவது டொக்டர். முதல் பகுதியில் கேட்பது பெயர், விலாசம், சமூகக் காப்புறுதி இலக்கம், யார் கழிவைக் கோருவது என்பவை. பாராளுமன்றமே 2014இல் இந்தத் தரகர் கட்டணத்தைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. 100 டொலருக்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதி 2021 நவம்பரில் நடைமுறைக்கு வர இருந்த நேரத்தில் பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றத்தில் தடைப்பட்டது. எல்லாத் தரகரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்து வைக்க முதல் சதவீதத்தை டொலராக்கிப் பாருங்கோ, அவ்வளவுதான்.

பழைய வருடங்களைப் பற்றி ஒரு வரி கூட. குறைபாடு உள்ளவர் தனக்காகவோ, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்காகப் பெற்றோரோ விண்ணப்பித்தால், பழைய கணக்குகளையும் திருத்தித் தரும்படி படிவத்திலேயே கேட்கலாம். அம்மாவின் கழிவை மகன் எடுப்பதென்றால் மகன் தன் ஒவ்வொரு வருடக் கணக்கையும் திருத்தக் கேட்க வேண்டும், அது தானாக நடக்காது. அம்மா உணவு, உறைவிடம், உடை என்ற அடிப்படைத் தேவைக்கு மகனில் தங்கியிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. மகன், மகள் மட்டுமில்லை, பேரப்பிள்ளை, சகோதரம், மாமா, மாமி, மருமக்கள் என்று பட்டியல் நீளம்.

மறுத்துவிட்டால்? மறுப்புக் கடிதத்தைக் குப்பையில் போடாதேங்கோ. அதில் காரணம் இருக்கும். பெரும்பாலும் டொக்டர் எழுதினது போதவில்லை என்றுதான் இருக்கும். மேலதிக விவரத்தோடு டொக்டரின் கடிதம் ஒன்றைச் சேர்த்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். முறையான ஆட்சேபம் என்றால் கடிதத் திகதியிலிருந்து 90 நாள். மறுபரிசீலனைக்குக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரத்திலும் அந்த 90 நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கலண்டரில் குறித்து வையுங்கோ. அதற்கு மேல் வரி நீதிமன்றம். 1998இல் ஜோன்ஸ்டன் வழக்கில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம், இந்தச் சட்டப்பிரிவை மனிதாபிமானத்தோடும் இரக்கத்தோடும் வாசிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு வந்த வழக்குகளில் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டுகிறார்கள்.

சில நேரம் மறுக்க முதல் சீ.ஆர்.ஏ. டொக்டருக்கு மேலதிகக் கேள்விகள் அனுப்பும். அந்தக் கடிதம் டொக்டரின் மேசையில் கிடந்து, பதில் போகாமல், மறுப்பு வந்த கதைகள் இரண்டு எனக்குத் தெரியும். அனுப்பின பிறகு மாதத்துக்கு ஒருக்கால் கிளினிக்குக்கு ரெலிபோன் எடுத்துக் கேளுங்கோ, கரைச்சல் கொடுக்கிறம் எண்டு நினைக்காதேங்கோ.

நேயர்கள் கேட்ட இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்.

முதலாவது, நீரிழிவு. ‘எனக்கு 20 வருசமாச் சீனி வருத்தம்.’ முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் 2021 முதல் தகுதியுடையவர்களாகவே கருதப்படுகிறார்கள், ஆனாலும் படிவம் போட வேண்டும். 2017இல் இன்சுலின் எடுக்கிற பெரியவர்கள் கனபேரை சீ.ஆர்.ஏ. மறுக்கத் தொடங்கி, எதிர்ப்புக் கிளம்பி, அந்த வருட முடிவில் பழைய முறைக்குத் திரும்பினார்கள். எங்கள் ஆக்களில் பெரும்பாலானோருக்கு இருக்கிறது இரண்டாம் வகை. அதற்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் சீனியால் கண் போயிருந்தால், கால் விறைத்து நடை போயிருந்தால், அந்தக் காரியத்தின் கீழே பார்க்கலாம். சிறுநீரகம் போய் டயலிசிஸ் செய்கிறவர்களுக்கு, உயிர் காக்கும் சிகிச்சை என்று தனிப் பகுதி இருக்கு: கிழமைக்குக் குறைந்தது இரண்டு தரம், சராசரியாக 14 மணித்தியாலம். போய்வருகிற பயண நேரத்தை எண்ணமாட்டார்கள். சிகிச்சைக்குப் பிறகு மருத்துவ ரீதியாக ஓய்வு தேவை என்றால் அந்த நேரத்தை எண்ணுவார்கள். டயலிசிஸ் முடிந்து வந்து எத்தனை மணித்தியாலம் எழும்ப ஏலாமல் படுத்திருக்கிறீர்கள் என்பதைக் கொப்பியில் எழுதுங்கோ. கிழமைக்கு 12 மணித்தியாலம் கதிரையில் இருக்கிறவருக்கு அந்த மிச்ச இரண்டு மணித்தியாலந்தான் முடிவைத் தீர்மானிக்கும்.

இரண்டாவது கேள்வி ஒரு மகளிடமிருந்து. ‘அப்பா ஓ.டி.எஸ்.பி. எடுக்கிறார். ஏற்கெனவே இயலாமை எண்டு அரசாங்கம் ஏற்றுக்கொண்டதுதானே, பிறகேன் இது?’ ஓ.டி.எஸ்.பி. மாகாணம், டி.ரி.சி. மத்திய அரசு, இரண்டுக்கும் அளவுகோல் வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது தானாகக் கிடைக்காது. சி.பி.பி. இயலாமை ஓய்வூதியமும் அப்படித்தான். ஆனால் ஓ.டி.எஸ்.பி.க்கு எழுதின மருத்துவ அறிக்கைகளின் பிரதியைத் தேடி எடுங்கோ. டொக்டருக்கு எந்த வருடத்தில் தொடங்கினது என்று எழுத அது உதவும். ஆர்.டி.எஸ்.பி. திறந்தால் ஓ.டி.எஸ்.பி. வெட்டுவார்களோ என்றும் கேட்டிருக்கிறா. இல்லை, ஒன்ராறியோவில் ஆர்.டி.எஸ்.பி.யில் இருக்கிற காசைச் சொத்தாகக் கணக்கெடுப்பதில்லை. அப்பாவுக்கு 48 வயது என்று எழுதியிருக்கிறா. பிள்ளை, நாளைக்கே கிளினிக்குக்கு ரெலிபோன் எடும்.

அடுத்த நிகழ்ச்சியில் ஆர்.டி.எஸ்.பி. எந்த வங்கியில், எப்படித் திறக்கிறது, என்ன கடதாசி வேண்டும் என்பதைக் கதைப்பம். வணக்கம்.